உழவு இயந்திரத்தின் கணக்கு ஊருக்குத் தெரிய வேண்டும்!

மே மாதம் 18ஆம் திகதி முள்ளிவாய்க்காலின் பெயரை உலகெங்கும் வாழும் தமிழர் உச்சரிக்கின்றனர். உச்சரிக்கவும் வேண்டும். ஆனால் ஆண்டின் எஞ்சிய 364 நாள்களும் அம்மண்ணில் மக்கள் குடியிருக்கின்றனர் என்பதை நாம் மறந்துவிடலாகாது. அவர்கள் கடலுக்குப் போகின்றனர், பயிர் செய்கின்றனர், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புகின்றனர், உலை வைக்கின்றனர். அவர்கள் படலையடியிற் சேரும் குப்பையை அள்ள வேண்டிய உழவு இயந்திரம் எந்நாளில் வரும், எவ்வழியால் வரும், எத்தனை லீற்றர் டீசலை எரித்து வரும் என்பது அற்பக் கேள்வி போலத் தோன்றும். அது அற்பமன்று, ஊராட்சி என்பதன் உயிர்நாடியே அக்கேள்வியில்தான் துடிக்கின்றது என்பதே நமது வாதம்.

1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தை எடுத்துப் பாருங்கள். வீதிக் குப்பையையும் வீட்டுக் குப்பையையும் அகற்றுவது சபையின் கடமை என 93ஆம் பிரிவு விதிக்கின்றது. அவ்வாறு அள்ளப்பட்ட குப்பை அனைத்தும் சபையின் ஆதனம் என்கின்றது 94ஆம் பிரிவு. அதனைச் சேர்ப்பதற்கு ஏற்ற இடங்களைச் சபை ஏற்பாடு செய்ய வேண்டும் என்கின்றது 95ஆம் பிரிவு. ஆகவே குப்பை அள்ளுவது எந்தத் தவிசாளரும் தயவு கூர்ந்து செய்யும் தருமம் அன்று. வாழைத்தோலும் மீன்செதிலும் கூட அள்ளிய கணமே சபையின் சொத்தாகிவிடும் என்று சட்டம் இவ்வளவு நுணுகி எழுதியிருக்கின்றது. அவற்றை ஏற்றிச் செல்லும் வண்டி எங்கே போயிற்று, எங்கே நின்றது, எவ்வளவு எரித்தது என்ற கணக்கு மாத்திரம் எவருடைய சொத்து? வரி கொடுக்கும் குடிமகன் அதனைப் பார்க்கலாகாது என்று எந்தப் பிரிவில் எழுதியிருக்கின்றது?

"வளவுக்குள் குழி வெட்டிப் புதைத்தால் ஆயிற்று, இதற்கு இத்தனை ஆர்ப்பாட்டமா?" என்று நகரத்து நண்பர் சிலர் கேட்பர். கிழக்கே பெருங்கடலும் மேற்கே நந்திக்கடலும் நெருக்க, இடையே கிடக்கும் மணற்பட்டி முள்ளிவாய்க்கால். அங்கே குடிநீர் ஆழத்தில் இல்லை. மணலில் ஊறி மேலாகவே நிற்கின்றது. இன்று குழியிற் புதைத்தது நாளை கிணற்றில் இறங்கும். மேலும் அது வெறும் மணலன்று. அதே கரைதுறைப்பற்றுப் பிரிவிலுள்ள கொக்குத்தொடுவாயில் 2023 ஜூன் மாதத்தில் குடிநீர்க் குழாய் பதிப்பதற்காக மண்ணைத் தோண்டியபோது மனித எலும்புகள் வெளிப்பட்டன. மண்வெட்டியை ஓங்குமுன் ஒரு கணம் தயங்கும் மக்களிடம், குழி வெட்டுங்கள் என்று உபதேசம் செய்வது எளிது. எரித்துவிடலாம் என்பாரும் உளர். பொலித்தீன் எரியும் புகையைத் தம் குழந்தைகள் சுவாசிக்க அவர்கள் சம்மதிப்பார்களா என்று மட்டும் கேட்டு அப்பால் நகர்கின்றோம்.

எனவே வண்டி வந்தேயாக வேண்டும். வண்டி வர டீசல் வேண்டும். டீசலின் கதையை நாம் எவருக்கும் நினைவூட்ட வேண்டியதில்லை. எனினும் இலக்கங்களை ஒருமுறை வரிசையாகப் பார்ப்பது நன்று. 2021 டிசெம்பரில் லீற்றர் 121 ரூபா. 2022 ஏப்ரலில் 289 ரூபா. மே மாதத்தில் 400 ரூபா. ஜூன் முடியுமுன் 460 ரூபா. ஆறே மாதத்தில் ஏறக்குறைய நான்கு மடங்கு! அவ்வாண்டு ஜூலையில் அரசாங்கம் 'கியூ.ஆர்.' அட்டையை ஏற்படுத்தியது. ஓகஸ்டில் மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர், முச்சக்கர வண்டிக்கு 5 லீற்றர் என்று அளந்து ஊற்றினர். மீன் விற்கப் போகும் ஏழையின் மோட்டார் சைக்கிள் இந்த வாரம் எத்தனை லீற்றர் குடித்தது என்பது கொழும்பிலுள்ள கணனிக்குத் தெரிந்திருந்தது. அந்த ஏழையின் வரிப்பணத்தில் ஓடும் சபை வண்டி எத்தனை லீற்றர் குடித்தது என்பது மாத்திரம் அந்த ஏழைக்குத் தெரியாது. குடிகளை அரசு அளக்கலாம். அரசைக் குடிகள் அளக்கலாகாது! இந்த விசித்திர நீதியைத்தான் நாம் எதிர்க்கின்றோம்.

அளப்பதற்குக் கருவி உண்டு. வண்டியின் இருப்பிடத்தை வானத்துச் செய்மதிகளின் துணையால் அறியும் ஜி.பி.எஸ். கருவியையும், இயந்திரத்தின் நிலையை அறியும் உணரிகளையும், இவையறிந்ததைக் கைத்தொலைபேசி வலையமைப்பின் வழியாகக் காரியாலயத்துக்கு அனுப்பும் ஒரு சிறு பெட்டியையும் சேர்த்து 'டெலிமெட்டிக்ஸ்' என்கின்றனர். வண்டி எங்கே நிற்கின்றது, என்ன வேகத்தில் ஓடுகின்றது, சாவி திருப்பியிருக்கின்றதா என்பவற்றை அது நொடிக்கு நொடி குறிக்கும். புதிய லொறிகளில் இயந்திரத்தின் மின்மூளையோடு நேரே தொடுத்து எரிபொருள் செலவையும் படிக்கலாம். நமது ஊராட்சிகளிற் பெட்டி இழுக்கும் உழவு இயந்திரங்கள் பலவற்றில் அத்தகைய மின்மூளை இல்லை. அவற்றுக்கு எரிபொருள் தாங்கியினுள் ஓர் அளவுக்கோலை இறக்கிவிட வேண்டும். டீசல் மட்டம் மெல்ல மெல்ல இறங்கினால் எரிந்தது என்று பொருள். வண்டி நிற்கையிலே திடீரென்று இறங்கினால் என்ன பொருள் என்று நமது கமக்காரருக்கு நாம் விளக்கத் தேவையில்லை.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். இக்கருவியை விற்க வரும் வணிகர்கள் முதலில் நீட்டுவது பாதைத் திட்டம்தான். நூறு சந்துகளும் ஐம்பது முடுக்குகளும் உள்ள பெருநகரில் எந்தத் தெருவுக்குப் பின் எந்தத் தெரு என்று கணனி கணித்துச் சொன்னால் ஓட்டத் தூரம் குறையும், அது மெய். ஆனால் பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்குச் செல்லும் ஏ-35 வீதியை அறிந்தோர் சிரிப்பர். முள்ளிவாய்க்காலுக்கு அந்த ஒரே பெருவீதி. முல்லைத்தீவு நகருக்குப் போவதானால் வட்டுவாகற் கடவை ஒன்றே. போன வழியே திரும்ப வேண்டிய ஊரில் எந்தக் கணனி எந்தக் குறுக்குவழியைக் கண்டுபிடிக்கப் போகின்றது? கடலையா கடக்கும்? கொழும்புக்குத் தைத்த சட்டையை வன்னிக்கு அணிவிக்கும் வேலையை இதிலும் செய்துவிடாதீர்கள் என்று சபைகளை எச்சரிக்கின்றோம். அந்தப் பாதைத் திட்டத்துக்கு மாதச் சந்தா கேட்டால் கொடுக்காதீர்கள்.

வன்னியிற் பணம் கரைவது வேறிடங்களில். அரைப்பெட்டி குப்பையோடு நெடுந்தூரம் போய்த் திரும்புவதிற் கரைகின்றது. இயந்திரத்தை நிறுத்தாமலே நிழலில் நிற்பதிற் கரைகின்றது. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நின்றபடி உறுமும் உழவு இயந்திரம் மணிக்கு ஒரு லீற்றர் குடிப்பதாகக் கொள்வோம். நாளுக்கு இரண்டு மணி நேரம் அப்படி நிற்பதாகவும், மாதத்தில் 25 நாள் ஓடுவதாகவும் கொள்வோம். 50 லீற்றர் ஆயிற்று. 2021 டிசெம்பர் விலையில் அது 6,050 ரூபா. 2022 ஜூன் விலையில் 23,000 ரூபா. இது ஒரு வண்டிக்கு, ஒரு மாதத்துக்கு, ஒரு குப்பையும் அள்ளாமல் எரித்த பணம். பராமரிப்பிலும் இதே கதைதான். உழவு இயந்திரத்தின் தேய்வைக் கிலோமீற்றரால் அளப்பதை விட ஓடிய மணியால் அளப்பதே சரி என்பது வயலில் உழுபவன் ஒவ்வொருவனுக்கும் தெரியும். ஓடிய மணியை ஒழுங்காகக் குறித்து உரிய வேளையில் ஒயில் மாற்றினால் இயந்திரம் நீடிக்கும். நாட்காட்டியைப் பார்த்தோ, புகை கக்கத் தொடங்கிய பின்போ மாற்றினால் பெரும் பழுது வந்து சேரும்; வண்டி மாதக்கணக்கிற் படுத்துவிடும்; குப்பையோ படுக்காமற் குவியும்.

இவையெல்லாம் புதுமையான கோரிக்கைகளா? இல்லவே இல்லை. அரச வண்டி ஒவ்வொன்றுக்கும் 'றன்னிங் சாட்' எனப்படும் ஓட்டப் பதிவேடு எழுதப்பட வேண்டும் என்பது பழைய விதி. 25,000 கிலோமீற்றர் ஓடிய பின்னரும், இயந்திரத்தில் பெரும் பழுது பார்த்த பின்னரும் எரிபொருட் செலவை மீளச் சோதிக்க வேண்டும் என 2016 டிசெம்பர் 29ஆம் திகதிய 30/2016 இலக்கப் பொது நிருவாகச் சுற்றறிக்கை கூறுகின்றது. அச்சோதனை செய்யப்படவில்லை என்ற வாசகத்தைக் கணக்காய்வாளர் நாயகத்தின் அறிக்கைகளில், நிறுவனத்தின் பெயர் மட்டும் மாறி வர, மீண்டும் மீண்டும் படிக்கலாம். கேள்வி எழுதுவார், பதில் எழுதுவார், கோவை மூடப்படும், டீசல் மட்டும் போன வழியே போகும். பேனாவால் எழுதும் பதிவேட்டுக்கு ஒரு பழக்கம் உண்டு: மாத முடிவில் ஒரே மையில், ஒரே கையெழுத்தில் முப்பது நாளும் நிரம்பிவிடும். கருவிக்கு அந்தச் சாதுரியம் கிடையாது.

இனி நம் நண்பர்களிடத்திலிருந்தே வரும் ஓர் ஆட்சேபத்துக்கு வருவோம். அதனை நாம் இலேசாக ஒதுக்கவில்லை. "இது தொழிலாளியை வேவு பார்க்கும் சூழ்ச்சி" என்கின்றனர் அவர்கள். இந்தியாவில் நடந்ததை நாம் அறிவோம். நாக்பூரிலும் சண்டிகாரிலும் பஞ்ச்குலாவிலும் துப்புரவுத் தொழிலாளரின் மணிக்கட்டிலேயே ஜி.பி.எஸ். கடிகாரத்தைப் பூட்டினர். கூட்டுமாறு பிடித்த கை எங்கே அசைகின்றது, எத்தனை நிமிடம் அசையாதிருக்கின்றது என்று மேலதிகாரி திரையிற் பார்த்திருக்க ஏற்பாடு. கால்நடைக்குக் கட்டும் மணியை மனிதனுக்குக் கட்டியதாகவே தொழிலாளர் கண்டனர்; எதிர்த்தனர். அவர்கள் எதிர்த்தது நியாயமே. சோதனைச் சாவடியும் பதிவும் விசாரணையுமாக வாழ்ந்த மக்கள் நாம். கண்காணிக்கப்படுவது என்றால் என்ன என்று வன்னிக்கு எவரும் பாடம் நடத்த வேண்டியதில்லை.

ஆனால் வண்டியை அளப்பது வேறு. மனிதனை அளப்பது வேறு. சபையின் உழவு இயந்திரம் பொதுச் சொத்து. சாரதியின் உடல் பொதுச் சொத்தன்று. கருவியை வண்டியில் மாத்திரம் பொருத்துக. மனிதர் மேல் ஒருபோதும் பொருத்தற்க என்று சபை தீர்மானம் நிறைவேற்றிப் பதிவு செய்துவிடலாம். அவ்வளவில் வேவு என்ற அச்சம் முற்றாக நீங்காது என்பதையும் ஒப்புகின்றோம். வண்டி நாற்பது நிமிடம் நின்றது என்று பெட்டி சொல்லும். ஏன் நின்றது என்று சொல்லாது. முன்னே யானை நின்றிருக்கலாம். சக்கரம் மணலிற் புதைந்திருக்கலாம். சமிக்ஞை கிட்டாத இடத்தில் பெட்டியே பிழையாகக் குறித்திருக்கலாம். கணனியிலிருந்து பெறும் பதிவை நீதிமன்றம் சான்றாக ஏற்க 1995ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சாட்சியச் சிறப்பேற்பாடுகள் சட்டம் இடமளிக்கின்றது. அக்கருவி ஒழுங்காக இயங்கியது என்று காட்ட வேண்டும் என்பதும் அதே சட்டத்தின் நிபந்தனை. நீதிமன்றமே இவ்வளவு தயங்கும் இடத்தில், ஒரு லிகிதர் திரையைப் பார்த்த மாத்திரத்தே நாட்கூலிக்காரனின் சம்பளத்தில் கை வைப்பாரானால், அது நியாயமாகுமா? சாரதியின் விளக்கத்தைக் கேளாமல், அதனை எழுத்திற் பதியாமல், பெட்டியின் சொல்லை மட்டும் நம்பி எவர் மீதும் ஒழுக்காற்று நடவடிக்கை எடுக்கலாகாது. இந்த விதி தீர்மானத்தில் இருந்தால் தொழிலாளியே அக்கருவியை விரும்புவான். காலையில் வந்தேன், ஒழுங்கை ஒழுங்கையாகப் போனேன், வண்டிதான் பழுது என்று அவன் சொல்லும்போது அவனுக்குச் சாட்சி சொல்ல அதுவும் ஒன்றிருக்கும்.

நாம் அஞ்சுவது வேறொரு மூலையில் நிற்கும் ஆபத்துக்கு. பெட்டியை விற்கும் கம்பனி, பதிவுகள் அனைத்தையும் தன் கணனியிலேயே வைத்துக்கொள்ளும். சபை மாதந்தோறும் வாடகை செலுத்தித் தன் வண்டியின் வரலாற்றைத் தானே எட்டிப் பார்க்கும். வாடகை தவறினால் கதவு சாத்தப்படும். ஐந்தாண்டுக் கணக்கு ஒரு நாளில் மறையும். ஆகவே ஒப்பந்தத்தில் ஒப்பமிடுமுன் சபையார் ஒரு சட்டத்தரணியிடம் காட்ட வேண்டும். பதிவுகள் சபையின் சொத்து, கேட்ட போதெல்லாம் முழுப் பிரதி தர வேண்டும், ஒப்பந்தம் முடிந்தால் ஒன்றும் விடாமல் ஒப்படைக்க வேண்டும், நீதிமன்றக் கட்டளையின்றி எந்தப் படையினருக்கோ மூன்றாம் ஆளுக்கோ கொடுக்கலாகாது என்று அதில் எழுதப்பட்டிருக்க வேண்டும். சாரதியின் நடமாட்டம் அவனது தனியாள் விபரம். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனியாள் தரவுப் பாதுகாப்புச் சட்டம் எழுதப்பட்டதே இத்தகைய விபரங்களைக் காப்பதற்காகத்தான்.

சேமித்த பணம் எங்கே போகும் என்பது அடுத்த வினா. நமக்கு இதுவே தலையாய வினா. செலவுக் குறைப்பு என்ற சொல்லைக் கேட்டதும் தொழிலாளியின் வயிறு கலங்குவதில் நியாயம் உண்டு. சென்னையில் இராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணியைத் தனியாரிடம் ஒப்படைப்பதை எதிர்த்து 2025 ஓகஸ்ட் 1ஆம் திகதி முதல் ரிப்பன் மாளிகை வாயிலில் அமர்ந்திருந்த தொழிலாளரைப் பொலிசார் 13ஆம் திகதி நள்ளிரவில் அப்புறப்படுத்தினர். கூலியைக் குறைத்துச் செலவைக் குறைப்பது ஒரு வழி. வீணாக எரியும் டீசலைக் குறைத்துச் செலவைக் குறைப்பது இன்னொரு வழி. முன்னது ஏழையின் சட்டைப்பையிலிருந்து எடுக்கின்றது. பின்னது புகையிலிருந்து எடுக்கின்றது. இரண்டையும் ஒரே சொல்லால் அழைப்பவரிடம் எச்சரிக்கையாக இருங்கள்.

முள்ளிவாய்க்கால் முதல் கொக்கிளாய் வரை நீண்டு கிடக்கும் கரைதுறைப்பற்றைப் போன்ற பிரதேசத்தில் குப்பை வண்டி நகரை அண்டிச் சுழல்வதும், கடைக்கோடிக் கிராமம் காத்திருப்பதும் இயல்பாகிவிடக்கூடும். எந்த ஒழுங்கைக்கு வண்டி மூன்று மாதமாகப் போகவில்லை என்பதைக் கருவி வரைபடத்தில் வெறுமையாகவே காட்டிவிடும். மறுக்க முடியாத வெறுமை! டீசலில் மிஞ்சிய பணம் முதலில் அந்த வெறுமையை நிரப்பப் போகட்டும். அடுத்தது தொழிலாளியின் கையுறைக்கும் காலணிக்கும் போகட்டும். கமக்காரருக்கும் இதிற் பங்குண்டு. 2021இல் இரசாயன உர இறக்குமதியை ஒரே அடியாகத் தடை செய்து, நாடு தத்தளித்த பின் அவ்வாண்டு நவம்பரில் கைவிட்டார்களே, அந்நாளில் ஒரு மூடை நல்ல கூட்டெருவுக்கு வன்னி அலைந்ததை மறந்தோமா? மக்கிய குப்பையும் சபையின் ஆதனந்தான். கூட்டெரு முற்றத்துக்கு நிறைபெட்டியாகப் போகும் உழவு இயந்திரம் வெறும் பெட்டியாகத் திரும்புவானேன்? திரும்பும் பெட்டியில் எரு ஏற்றி வந்து, வழியிலுள்ள கமக்காரர் அமைப்புக்கு உரிய விலையில் இறக்கலாம். வெறும்பெட்டி ஓட்டம் எத்தனை என்று கருவி எண்ணிச் சொல்லும். அதனைப் பயனுள்ள ஓட்டமாக்கும் மூளை சபைக்கு வேண்டும்.

இந்த மூளையை யாரிடம் கேட்பது? 2023 மார்ச் 19ஆம் திகதியோடு உள்ளூராட்சி சபைகளின் காலம் முடிந்தது. மார்ச் 9ஆம் திகதி நடந்திருக்க வேண்டிய தேர்தலுக்குப் பணமில்லை என்று கைவிரித்தனர். அது குடிகளின் அடிப்படை உரிமையை மீறிய செயல் என 2024 ஓகஸ்ட் 22ஆம் திகதி உயர் நீதிமன்றம் தீர்த்தது. தேர்தலோ 2025 மே 6ஆம் திகதிதான் நடந்தது. இரண்டாண்டுக்கு மேலாக, கேள்வி கேட்கும் ஓர் உறுப்பினர்கூட இன்றி இச்சபைகள் அதிகாரிகளால் நடத்தப்பட்டன. மாகாண சபையின் கதையோ அதனினும் கேடு: 2018 ஒக்டோபரிற் காலம் முடிந்த வடக்கு மாகாண சபைக்கு ஏழாண்டு கழிந்தும் தேர்தல் வரவில்லை. எனவே நம் மக்கள் தாமே தேர்ந்து, தாமே தெருவில் மறித்துக் கேட்கக்கூடிய ஆட்சி இன்று பிரதேச சபை ஒன்றுதான். புதிய உறுப்பினர்களிற் பலர் மேடையில் பெரும்பெரும் பொருள்கள் பேசி வந்தவர்கள். பேசட்டும். பேசிவிட்டு, தமது வட்டாரத்துக்குச் சென்ற மாதம் குப்பை வண்டி எத்தனை முறை வந்தது என்பதையும் சொல்லட்டும்.

சொல்லாவிடின் நாம் கேட்போம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின்படி சபையின் தகவல் அலுவலர் 14 வேலை நாள்களுக்குள் தமது முடிவை அறிவிக்க வேண்டும். கடந்த ஓராண்டில் ஒவ்வொரு கழிவகற்றும் வண்டிக்கும் ஊற்றிய டீசல் எவ்வளவு, ஒவ்வொன்றும் ஓடிய மணியும் தூரமும் எவ்வளவு, அவற்றுக்கு எரிபொருட் சோதனை கடைசியாக நடந்த திகதி எது, எந்தெந்தக் கிராம அலுவலர் பிரிவுகளுக்கு எத்தனை நாள் வண்டி போயிற்று என்று கேளுங்கள். கருவி பொருத்தப்பட்டிருந்தால் அதன் ஒப்பந்தப் பிரதியையும் கேளுங்கள். எழுதத் தெரியாதவர் வாய்மொழியாகவே கேட்கலாம். அதனை எழுத்திற் பதிந்துகொள்வது அந்த அலுவலரின் கடமை. அடுத்த ஆண்டின் வரவுசெலவுத் திட்டம் சபைக்கு வருமுன் இவ்விடைகள் நம் கையில் இருக்க வேண்டும். முள்ளிவாய்க்கால் மேற்கிலும் கிழக்கிலும் உள்ள சங்கங்கள் இவ்வாரமே கூடி விண்ணப்பத்தை அனுப்பட்டும். கமக்காரர் அமைப்புகளும் கடற்றொழிலாளர் சங்கங்களும் தத்தம் பெயரில் தனித்தனியே அனுப்பட்டும்.